வரவும் ஊதியமும்

சென்னைத் தெருக்களில் உணவுப் பொதி கொண்டுசெல்லும் இளைஞர் நாளும் 1,000 ரூபாய் ஈட்டுகின்றனர் என நண்பர் சிலர் வியந்துரைக்கக் கேட்கின்றோம். அது வரவேயன்றி ஊதியமன்று. ஊதியம் என்னும் சொல்லின் பழம்பொருள் இலாபம் என்பதைத் தமிழ் மாணாக்கராகிய நாம் மறக்கலாமோ?

லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் 100 கிலோமீட்டர் செல்ல இரண்டரை லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் எனக் கொள்ளின் 250 ரூபாய் போயிற்று. டயர்த் தேய்மானம், வண்டித் தவணை, கைப்பேசிக் கட்டணம் வேறு. பொதியை ஒப்புவித்து வெறிதே திரும்பும் வழிக்கும் பெட்ரோல் எரிகின்றது. கூலி கிடைப்பதோ அரிது. அவ்வழிக்கும் கூலி தருதல் நிறுவனங்களின் கடன் என்பதே எம் துணிபு.

வருமானவரி அவர்க்கு இல்லையே என்பாருமுளர். 2017-இல் வந்த சரக்கு சேவை வரிக்குள் பெட்ரோல் அடங்கவில்லை. அதன் விலைக்குள்ளேயே மத்திய, மாநில வரிகள் இரண்டும் உள்ளன. வண்டியில் பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் அவரும் வரி செலுத்துபவரே.