ஊருக்குச் சுண்ணாம்பு, நிருபருக்கு அளவுகோல்

விருந்தாளி வந்தால்தான் வீட்டை மெழுகுவது என்று நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. மாமல்லபுரத்தைப் பாருங்கள். 2019 அக்டோபரில் சீன அதிபரும் நம் பிரதமரும் அங்கே சந்தித்தார்கள். 2022-இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. இரண்டு முறையும் சாலைகள் செப்பனிடப்பட்டன. சுவர்கள் வண்ணம் கண்டன. பத்திரிகைகளும் 'புதுப் பொலிவு' என்று எழுதி மகிழ்ந்தன.

ஊர் அழகானால் தவறா என்று கேட்பீர்கள். தவறே இல்லை. ஆனால் விருந்தாளி போன மறுநாள்? 2019-இல் அகற்றப்பட்ட சாலையோரக் கடைக்காரர்கள் என்ன ஆனார்கள், செலவு எவ்வளவு என்று விடாமல் கேட்க வேண்டியவர் யார்? செங்கற்பட்டிலோ மாமல்லபுரத்திலோ குடியிருக்கும் உள்ளூர் நிருபர்தாம். அவரை எப்படி வைத்திருக்கிறோம்? பல இடங்களில் அச்சான வரிக்கு இவ்வளவு என்று கூலி. எப்போதாவது ஒரு நாள் வகுப்பு. முடிவில் சான்றிதழ், புகைப்படம். இதற்குத் 'தொழில் மேம்பாடு' என்று பெயராம்!

கல் செதுக்குகிறவனுக்கு அதே மாமல்லபுரத்தில் 1957-இல் கல்விக்கூடம் வைத்தார்கள். உளி பிடிக்குமுன் அளவு பழக வேண்டும் என்பது சிற்பியின் நியதி. நிருபருக்கு மட்டும் அளவு வேண்டாமா? டெண்டரைப் படிக்கவும், வரவு செலவுக் கணக்கைப் பிரித்துப் பார்க்கவும், 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடவும் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். குடும்பம் நடத்தத் தக்க மாதச் சம்பளமும் கொடுங்கள்.

கேட்கத் தெரிந்த நிருபர் இல்லாத ஊரில், மறுமலர்ச்சி என்பது அடுத்த மழை வரை நிற்கிற சுண்ணாம்புதான்.