எழுதினால் ஆள் வருமா?

தியாகதுருகம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை. மளிகைக் கடை அண்ணன் கவலையாகப் போனை நீட்டினார். வருஷ விற்பனை 20 லட்சம் தாண்டினாலே ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் என்றது அதிலிருந்த கட்டுரை.

வரி ஆலோசகரான தம்பி எட்டிப் பார்த்தார். "இது பழசுண்ணே. நம்ம மாநிலத்துக்குள்ள சரக்கு மட்டும் விக்கிறவங்களுக்கு 2019 ஏப்ரல்ல இருந்து பொதுவா 40 லட்சம். சேவைத் தொழிலுக்குத்தான் 20."

"இதை நீயே எழுதிப் போடலாமே?"

"எழுதினா ஆள் வருமாண்ணே?"

நியாயமான கேள்வி. கட்டுரையை மட்டும் படித்துவிட்டு புது ஆள் வருவது அபூர்வம்தான். ஆனால், யாரோ சொல்லி வருகிறவர்கூட இன்று முதலில் போனில் பெயரைத் தேடிப் பார்க்கிறார். அங்கே நல்ல தமிழில் நாலு விளக்கம் இருந்தால் பாதி நம்பிக்கை அப்போதே வந்துவிடும். தினமும் பத்துப் பேர் கேட்கும் ஒரே கேள்விக்கு, வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பினால் போதும். மிச்சமாகும் நேரமும் வருமானம்தானே!

எல்லோரும் இஷ்டத்துக்கு எழுத முடியாது என்பதும் உண்மை. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. 2008-ல் வந்த திருத்தப்படி இணையதளத்தில் பெயர், முகவரி, படிப்பு, எந்த வகை வழக்குகள் போன்ற விவரங்களைப் போடலாம். ஆன்லைனில் வக்கீல்களை விளம்பரப்படுத்தும் தளங்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. டாக்டர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. பொதுவான விஷயத்தை விளக்குவது வேறு. 'என்னிடம் வாருங்கள்' என்று கூப்பிடுவது வேறு.

எழுத நினைப்பவர்களுக்கு மூன்று விஷயங்கள். ஒரு கட்டுரைக்கு ஒரு கேள்வி போதும். தேதியை மேலேயே போடுங்கள். விதி மாறினால் அன்றைக்கே திருத்துங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: உங்களிடம் வந்தவர் கதையை எழுதாதீர்கள். பெயரை மறைத்தாலும், சின்ன ஊரில் அது யார் என்று மறுநாளே தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது. திருத்தாமல் விட்ட கட்டுரை, அண்ணனைப் போல யாரையோ வீணாகக் கலங்க வைக்கும்.

தம்பி யோசித்தார். "சரிண்ணே, முதல் கட்டுரைக்கு என்ன தலைப்பு வைக்கலாம்?"

அண்ணன் டீ கிளாஸை வைத்தார். "இருபதா, நாற்பதா?"