‘குவையெஸ்’ என்றொரு வினைச்சொல்



என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று கணினித் துறையில் பணிபுரிகிறார். "ஹஸ்ரத், எங்கள் வேலையில் ‘குவையெஸ்’ என்றொரு ஆங்கிலச் சொல் வழங்குகிறது. அகராதியில் ‘அமைதியடைதல்’ என்றுதான் இருக்கிறது. அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓய்வைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்த இச்சொல் அன்றாடப் பேச்சில் அரிது. கணினித் துறையினர் இதை வழங்கும் முறையைக் கவனியுங்கள். தரவுத்தளத்தை நகலெடுக்கும் முன், புதிய வேலைகளை ஏற்காமல் நிறுத்திவைத்து, தொடங்கியவற்றை முடித்து, நினைவகத்தில் எஞ்சியதை வட்டில் எழுதி, அதனை நிலைகொள்ளச் செய்கிறார்கள். இது மின்சாரத்தைத் துண்டிப்பதன்று. நிலைகொள்ளும் முன் எடுத்த நகலோ பாதியில் விட்ட கணக்கேடு போலாகிவிடக்கூடும்.

நமக்கு இது புதிதன்று. ஹரகத் என்றால் அசைவு. ஸுகூன் என்றால் அசைவின்மை. ஸுகூன் பெற்ற எழுத்தை ஆங்கில இலக்கண நூல்கள் இதே வேரிலிருந்து பிறந்த ‘குவையெஸன்ட்’ என்னும் சொல்லால் குறிப்பதுண்டு. மத்ரஸாவில் பிள்ளைகள் பலர், ஸுகூன் என்றால் ஒலியே இல்லை என்றெண்ணி எழுத்தை விழுங்கிவிடுவர். தமிழில் புள்ளி பெற்ற மெய் ஒலிக்காமலா போகிறது? காஃப், தா, பா, ஜீம், தால் ஆகிய ஐந்தும் ஸுகூன் பெறும்போதுதான் கல்கலாவுடன் அதிர்ந்து ஒலிக்கின்றன.

ஆகவே ‘அமைதியடைதல்’ என்பதைவிட ‘நிலைகொள்ளுதல்’ என்பதே இச்சொல்லுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. பள்ளிவாசலில் விரைந்து தொழுத ஒருவரை, நபி (ஸல்) அவர்கள் மும்முறை திருப்பியனுப்பி மீண்டும் தொழச் செய்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ருகூவிலும் ஸுஜூதிலும் நிலைகொள்ளுமாறு பின்னர் அவருக்குக் கற்பித்தார்கள். அவர் குனிந்தார், நிமிர்ந்தார். ஆயினும் தொழுததாகக் கொள்ளப்படவில்லை. தராவீஹ் எத்தனை நிமிடத்தில் முடிந்தது என்று பெருமை பேசும் நம் மஹல்லாக்களில் இச்செய்தியைச் சொன்னால் ஏனோ முகம் சுளிக்கிறார்கள்.

மாணவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அலுவலகத்தில் இரண்டு கூட்டங்களுக்கு நடுவே அஸர் தொழுகிறேன், ஹஸ்ரத். குறைந்தது எவ்வளவு நேரம் நிலைகொள்ள வேண்டும்?" என்றார்.

"உறுப்புகள் தத்தம் இடத்தில் அடங்கி, ஒருமுறை ‘சுப்ஹானல்லாஹ்’ சொல்லும் அளவு" என்றேன்.

"அவ்வளவுதானா?" என்று மறுபடியும் கேட்டார்.