வெறும் பாறை என்றார்கள்!

பரிணாமக் கொள்கையைச் சந்தேகிப்பவர்கள் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பார்கள். 'உயிர்கள் படிப்படியாக மாறி வந்தன என்றால், பழைய பாறைகளில் அதற்குத் தடயம் எங்கே? ஏதோ ஓர் அடுக்கில் திடீரென்று விதவிதமான உயிரினங்கள் தோன்றுகின்றனவே?'

இதே கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டவர் சார்லஸ் டார்வின்!

கலைத்துப் போடாத வரை, பாறை அடுக்குகளில் அடியில் இருப்பது பழையது. மேலே இருப்பது புதியது. இன்று 'கேம்பிரியன்' என்று அழைக்கப்படும் காலம் சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. அந்தக் காலத்து அடுக்குகளில் டிரைலோபைட் போன்ற ஓடுள்ள உயிரினங்களின் படிமங்கள் ஏராளம். அதற்குக் கீழே? டார்வின் காலத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்கவில்லை. 1859-ல் வெளியான 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் அவர் இதை மறைக்கவில்லை. இதற்குத் தன்னிடம் திருப்தியான பதில் இல்லை என்றும், தன் கொள்கைக்கு எதிரான நியாயமான வாதமாக இதை வைக்கலாம் என்றும் எழுதினார்.

ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஓடின. டார்வினின் கேள்வி மெல்ல மெல்ல ஒரு பாடமாகவே மாறிவிட்டது: கேம்பிரியனுக்கு முந்தைய பாறையில் படிமம் இருக்காது.

1956. இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டில் பெர்ரி பறிக்கப் போன டீனா நேகஸ் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி, ஒரு பாறையில் பெரணி இலை போன்ற அச்சைப் பார்த்தாள். ஆவலோடு ஆசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவ்வளவு பழைய பாறையில் படிமமே கிடையாது என்று பதில் வந்தது. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

மறு ஆண்டு, நண்பர்களோடு பாறையேறப் போன ரோஜர் மேசன் என்ற மாணவனும் அதே அச்சைக் கண்டான். நாணயத்தின் மீது காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அப்படி ஒரு பிரதி எடுத்து அப்பாவிடம் காட்டினான். அப்பாவுக்கு லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் நிலவியலாளர் டிரெவர் ஃபோர்டைத் தெரியும். ஃபோர்டும் முதலில் நம்பவில்லை. ஆனால், நேரில் போய்ப் பார்த்தார். 1958-ல் அந்த உயிரினத்துக்கு 'சார்னியா மேசோனி' என்று பெயர் வைத்து உலகுக்கு அறிவித்தார்.

அந்தப் பாறை கடலடியில் படிந்த எரிமலைச் சாம்பலால் ஆனது. சாம்பலில் இருக்கும் சிர்கான் படிகங்களில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து, வயதைச் சொல்லிவிடலாம். சுமார் 56 கோடி ஆண்டுகள்! வெளிச்சம் எட்டாத ஆழத்தில் வாழ்ந்ததால், இலை போலத் தெரிந்தாலும் அது தாவரம் அல்ல.

சார்னியாவால் எல்லாச் சந்தேகமும் தீர்ந்துவிடவில்லை. அதன் உறவுக்காரர்கள் யார், கேம்பிரியனில் அத்தனை வகைகள் எப்படிப் பெருகின என்ற ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது. ஆனால், 'கீழே ஒன்றுமில்லை' என்ற வாதத்துக்கு இனி இடமில்லை.

அந்தப் பாறையில் ஒன்றுமில்லையே என்று டார்வின் கேள்வியாகக் கேட்டார். ஒன்றுமில்லை என்று ஆசிரியர் பதிலாகச் சொன்னார். சொற்கள் ஒன்றுதான், கேள்வி தேட வைத்தது, பதில் கதவைச் சாத்தியது.

மேசன் பின்னாளில் நிலவியல் பேராசிரியர் ஆனார். தனக்கு முன்பே அதைப் பார்த்தவர் டீனா என்பதை அவரும் ஏற்றுக்கொண்டார். பெயரில் மேசன் இருக்கிறார். முதலில் பார்த்த கண்கள் டீனாவுடையவை.