பாதி வழியில் நிறுத்தும் கரி

தண்ணீரில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் இருப்பதைப் படித்திருப்பீர்கள். இன்னும் ஓர் ஆக்சிஜன் கூடுதலாக ஒட்டிக்கொண்டால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் பழுப்புப் புட்டியில் இருக்குமே, காயத்தில் பட்டால் நுரைக்குமே, அதேதான்! வெளிச்சத்தில் சிதைந்துவிடும் என்பதால்தான் பழுப்புப் புட்டி.

திருப்பூரில் பனியன் துணியை வெளுப்பதும் இந்தப் பெராக்சைடுதான். அங்கே சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து வயல்கள் பாழாயின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சாயத்தைச் சிதைக்கவும் பெராக்சைடு உதவும். இரும்பு உப்போடு சேர்ந்தால் சாய மூலக்கூறுகளைத் துண்டு துண்டாக்கிவிடும்.

அடையாறில் சர்தார் படேல் சாலை வழியாகப் போகிறவர்கள் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள அறிஞர்கள் இந்த முறையோடு உமிக்கரியையும் சேர்த்து, சாயக்கழிவு நீரைச் சுத்தம் செய்து பார்த்து 2011-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆமாம், பாட்டிமார்கள் பல் தேய்த்தார்களே, அந்த உமிக்கரிக்குச் சொந்தக்காரக் கரிதான்!

பிறகு ஏன் எல்லாப் பட்டறையிலும் இது இல்லை? செலவு ஒரு காரணம். பெராக்சைடு பெரிய ஆலைகளில், ஹைட்ரஜன் வாயுவையும் பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகத்தையும் கொண்டு தயாராகிறது. செறிவான நிலையில் லாரியில் வரவேண்டும். அது தோலைப் பொசுக்கும், தீயையும் வளர்க்கும். (நீங்கள் தொடவே கூடாது!)

தேவைப்படும் இடத்திலேயே தயாரித்துக்கொண்டால்? காற்று, தண்ணீர், மின்சாரம் போதும். இங்கேதான் கரி மறுபடியும் வருகிறது. மின்வாயில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு எலக்ட்ரான்களை வாங்கினால் வெறும் தண்ணீராகிவிடும். இரண்டோடு நிறுத்தினால் பெராக்சைடு. மயிலாப்பூரில் ஏறியவரை அடையாறு வரை கொண்டுபோகாமல் மந்தைவெளியிலேயே இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்! பிளாட்டினம் பெரும்பாலும் கடைசி நிறுத்தம் வரை இழுத்துப் போய்விடும். கரியோ ஆக்சிஜனை லேசாகப் பிடித்து, பாதியில் விட்டுவிடும். இப்படி வினையை நடத்திவிட்டுத் தான் அப்படியே நிற்பதை வினையூக்கி என்பார்கள்.

2018-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் கரிப்பொருளை நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சினார்கள். கரியின் ஓரங்களில் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டது. வினையில் ஏறத்தாழ 90 சதவீதம் பெராக்சைடாகவே கிடைத்தது.

இப்படிக் கிடைப்பது நீர்த்த பெராக்சைடுதான். ஆனால் கழிவுநீருக்கு அது போதுமே! லாரி, கிடங்கு, ஆபத்து எல்லாம் குறையும் என்பதால் இதை நல்ல வழியாகவே நினைக்கிறேன். ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது: இதனால் சாயம் போகும், சாயம் ஏற்றப் போட்ட உப்பு போகாது. உப்பைப் பிரிக்கத் தனி இயந்திரங்கள் வேண்டும். அவை திருப்பூரில் இப்போதே ஓடுகின்றன. நாள்பட்டால் மின்வாயில் கரியும் தேயும். எத்தனை மாதம் தாங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் பட்டறைக்காரர் இதை வாங்கலாமா என்று கணக்குப் போடுவார்.