கலைந்தவர்களின் ஏடுகள்

கலைந்துபோன சங்கத்தின் ஏடுகளை யாருக்காகக் காக்க வேண்டும் என்ற வாதத்தை ஏற்க முடியாது. பெரம்பலூர் வட்டாரத்து ஆடுதுறைக் கோயிலில் 1429-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. முறையற்ற வரிகளைச் செலுத்துவதில்லை என்று வலங்கை, இடங்கை என்ற இரு சாதி அணிகளின் தலா 98 பிரிவினர் கூடி எடுத்த முடிவு அது. பின்னாளில் சென்னைத் தெருக்களில் மோதிக்கொண்ட இரு அணிகள் ஒருகாலத்தில் வரிக்கொடுமைக்கு எதிராகக் கைகோத்தன என்பதை, அந்த அணிகளே மறைந்துவிட்ட இன்று, இத்தகைய கற்களால்தான் அறிகிறோம்.

சங்க ஏடுகள் பழைய பகையைக் கிளறும் என்பார்கள். பகை எழுத்தில்லாமலே தலைமுறை தாண்டும். ஒற்றுமைக்குத்தான் சான்று தேவைப்படுகிறது. தனிமனிதரின் அந்தரங்கம் வெளிப்படும் என்ற அச்சம் நியாயமானது. அத்தகைய பக்கங்களை ஒரு தலைமுறைக்கு மூடி வைக்கலாம். அரியலூரிலோ பெரம்பலூரிலோ கலையும் விவசாயிகள் சங்கமும் மகளிர் குழுவும் தங்கள் தீர்மான ஏட்டையும் வரவு செலவு நோட்டையும் பழைய பேப்பர் கடையில் போடாமல் மாவட்ட நூலகத்தில் ஒப்படைக்கட்டும்.