தைலமரம் என்று மட்டும் சொல்லி நாற்று வாங்காதீர்கள்

தைலமரம், யூகலிப்டஸ், தைல நிறுவனத்தின் பெயரால் வந்த ஆர்.எஸ்.பதி மரம் என்று எப்படிச் சொன்னாலும் ஒரே மரம் என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அந்தப் பெயருக்குள் பல இனங்கள் உள்ளன. பேச்சுக்கு அந்தப் பெயர் போதும். நாற்று வாங்கும் ரசீதுக்குப் போதாது.

1843-இல் நீலகிரிக்கு வந்து மருந்துத் தைலத்துக்குப் பெயர்பெற்றது குளோபுலஸ். குளிர்ந்த மலைக்கு உரிய அது மதுரைச் சமவெளியில் தேறாது. இங்கே மானாவாரியில் காகிதக் கூழுக்காக நடுபவை பெரும்பாலும் டெரிடிகார்னிஸ், கமால்டுலென்சிஸ் இனங்களும் அவற்றின் குளோன்களும்தான். 'மைசூர் ஹைபிரிட்' என்று பரவியதும் பெரும்பாலும் டெரிடிகார்னிஸ்தான். பெயரில் ஹைபிரிட் இருப்பதாலேயே அது வீரிய ஒட்டுரகம் ஆகிவிடாது.

இலையைக் கசக்கினால் எலுமிச்சை மணம் வீசுவது சிட்ரியோடோரா. இதன் எண்ணெய் வாசனைப் பொருட்களுக்கு ஏற்றது. மருந்துத் தைலத்துக்கு மாற்றல்ல. 1995-இல் ஆஸ்திரேலியத் தாவரவியலாளர்கள் ஹில், ஜான்சன் இருவரும் இதைக் கோரிம்பியா என்ற தனிப் பேரினத்தில் சேர்த்தனர். பழைய நூலில் யூகலிப்டஸ் சிட்ரியோடோரா, புதிய நூலில் கோரிம்பியா சிட்ரியோடோரா, மரம் ஒன்றே.

பூ மொட்டின் மூடியைப் பார்த்து இனம் அறியலாம். யூகலிப்டஸ் என்றாலே கிரேக்க மொழியில் 'நன்கு மூடப்பட்டது' என்று பொருள். மூடி கொம்புபோல நீண்டிருந்தால் டெரிடிகார்னிஸ். குட்டையாக, நுனி அலகுபோலக் கூர்ந்திருந்தால் கமால்டுலென்சிஸ். ஆனால், மொட்டு வரும்போது தோட்டம் முழுவதும் நட்டு முடிந்திருக்கும்.

"எல்லாம் கூழுக்குத்தானே போகிறது, பெயர் எதற்கு?" என்று கேட்கலாம். கணு, இலைக்காம்புகளில் முடிச்சு உண்டாக்கும் லெப்டோசைப் குளவி எல்லா இனத்தையும் எல்லாக் குளோனையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. வறட்சியைத் தாங்கும் திறனும் அப்படித்தான். வெட்டியபின் மறுதாம்பும் விடுவதால், தவறான தேர்வு பல ஆண்டுகள் நிலத்திலேயே நிற்கும்.

ஆகவே, நாற்று ரசீதில் மூன்று விவரங்களைக் கேட்டு வாங்குங்கள்: இனம் எது, குளோன் எண் என்ன, விதை நாற்றா அல்லது தண்டு வேர்விட்டதா. எழுதித் தர மறுக்கும் நாற்றங்காலில் வாங்க வேண்டாம். விரிவாக்கப் பணியாளர்களும் வயலாய்வுக் குறிப்பில் 'தைலமரம்' என்று மட்டும் எழுதாமல் இந்த மூன்றையும் பதிய வேண்டும். எந்த மரம் எந்த மண்ணில் தேறியது என்பது அப்போதுதான் அடுத்து நடுபவருக்குத் தெரியும்.